பியோன் வீட்டுப் பியோனி

ஒக்ரோபர் 10, 1993. ஞாயிறு.

வெயில். சூடில்லாத, படத்தில் தெரிகிற மாதிரி வெயில். காலையில் உடுப்புத் தோய்த்தல். பிறகு முன் வளவுத் தோட்டம்.

வெட்கக்கேடான ஒன்றை முதலில் எழுதித் தொலைக்கிறேன். போன ஜூன் மாதம் முன் வளவுப் பியோனிச் செடியில் ஒரு துணிப் பூவைப் பச்சை நூலால் கட்டி, அதைப் படம் எடுத்தேன். நான்தான். நாற்பத்தொன்பது வயது. விடிய ஐந்தரைக்கு, நைற்றியோடு, தெருவில் ஆள் இல்லை என்று மூன்று தரம் பார்த்து.

காரணம் டோரதி. பேக்கரியில் என்னோடு மஃபின் அடுக்குகிறவள். ஒஷாவாவிலிருந்து தினமும் கார் ஓட்டி வருகிறாள். மோர்னிங்சைட்டில் இந்த வீட்டை வாங்கிய முதல் இலையுதிர்காலம், தன் தோட்டத்துப் பியோனியில் ஒரு கிழங்கைப் பிரித்து, பேப்பரில் சுற்றி, கைக்குழந்தையைத் தருகிற மாதிரித் தந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் ஒரே கேள்வி: பூத்ததா? முதல் வருடம் 'ஓம், ஒன்று' என்றேன். அடுத்த வருடம் 'மூன்று'. இந்த வருடம், வாய் சும்மா இருக்காதே, 'ஏழு' என்றேன். 'ஏழா! படம் கொண்டு வா' என்றாள். அதனால்தான் துணிப் பூ.

உண்மையில் மூன்று வருடமும் இலை. இலை மட்டும். வறை வறுக்கலாம் போல அவ்வளவு இலை.

படத்தைச் சாட்டுப் போக்குச் சொல்லி மூன்று மாதம் இழுத்தேன். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டில் கொடுக்கவேண்டி வந்தது. கண்ணாடி போட்டாள். படத்தைத் தூரப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள்.

"தவம், இந்தப் பூவில் தையல் தெரிகிறது."

(டோரதியின் ஆங்கிலத்தைத் தமிழில்தான் எழுதுகிறேன். ஏச்சு தமிழில்தான் உறைக்கும்.)

இன்று பத்து மணிக்கு வாசலில் நிற்கிறாள். கையில் தோட்டம் கிண்டுகிற ஒரு முள்ளுக்கரண்டி, முழங்காலுக்கு வைக்க ஒரு தலையணை. வணக்கம் இல்லை, தேத்தண்ணி இல்லை, நேரே செடிக்கு. மண்ணில் விரலை விட்டாள். முதல் கணு. இரண்டாம் கணு. முழு விரல்.

"கிழங்கு எங்கே?"

"கீழே."

"எவ்வளவு கீழே?"

சொன்னேன். வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர்காலத்தில் ஒரு முறை, வாழைக்கு அணைக்கிற மாதிரி மண் அணைத்தேன். வாழைக்கு அடியில் மண் குறைந்தால் சரிந்துவிடும் என்று பழகிய கை என் கை. எந்தச் செடியின் அடியும் வெளியே தெரிந்தால் எனக்குப் பிள்ளை போர்வையை உதறிவிட்டுக் கிடக்கிற மாதிரி இருக்கும். மண்ணை இழுத்து மூடாமல் அந்தப் பக்கம் போகமாட்டேன். பனிக்காலம் வந்தால் அதற்கு மேல் சருகு. சருகுக்கு மேல் இவரின் பழைய கோட்.

"கோட்டா?"

"உள்ளே பஞ்சு வைத்தது."

டோரதி தலையணையில் உட்கார்ந்தேவிட்டாள். "நீ இதை உயிரோடு புதைத்திருக்கிறாய், தவம்."

அவள் சொன்னவை, மறக்காமல் இருக்க:

– கிழங்கில் சிவப்பாக முளைக்கண் இருக்கும். அதற்கு மேல் இரண்டு அங்குல மண். கூடினால் இலை மட்டும்தான் வரும், பூ வராது.
– குளிர் படவேண்டும். மூடாதே. (கனடாவில் குளிர் வேண்டும் என்று கேட்கிற ஒரே சீவன்.)
– காய்ந்த தண்டை வெட்டிக் குப்பையில் போடு.
– இடம் மாற்றாதே. மாற்றினால் கோபித்துக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் இழுக்கும்.

இரண்டு பேருமாகக் கையாலேயே மண்ணை வழித்தோம். நாலு வாளி. அன்பு என்று நினைத்து மூன்று வருடமாகப் போட்ட மண். அடியில் சிவப்பாய், சின்னதாய், முளைக்கண்கள். பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. டோரதி காரில் ஏறும்போது, "பூத்தால் படம் வேண்டாம். என்னைக் கூப்பிடு" என்றாள்.

நக இடுக்கில் மண் போகவில்லை. இரவுச் சாப்பாடு கையால் இல்லை, கரண்டி.


ஒக்ரோபர் 11. திங்கள்.

லீவு. மப்பு வானம். நன்றி சொல்லும் நாள் என்று ஊர் முழுக்க வான்கோழி, எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி. பெரிய மச்சாள் விசிட்.

பெரிய மச்சாள் என்றால் இவரின் தமக்கை. (இனி பெ.ம. என்றே எழுதுகிறேன், கை நோகிறது.) யூனியன்வில்லில் வீடு. வெளியே சப்பாத்தைத் தட்டி, உள்ளே கழற்றி, இடையில் ஒரு தரம் காலைத் துடைக்கிற வீடு.

இவர் வீட்டில் எல்லாரும் கிளார்க். மாமனார் கிளார்க், அவரின் தம்பி கிளார்க், இவரும் கனடாவுக்கு விமானம் ஏறும்வரை கிளார்க். அந்தக் காலத்துக் கந்தோரில் கிளார்க் மணி அடித்தால் ஓடி வருகிறவன் பியோன். கோப்புத் தூக்குவது, தேத்தண்ணி வாங்குவது அவன் வேலை. இவர்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த எனக்குப் பெயர் 'பியோன்ரை பெட்டை', பியோன் மகள். சாதகம் அப்படிப் பொருந்தியதாம். வேறு ஒன்றும் பொருந்தவில்லை. இருபத்திமூன்று வருடமாக என்னைப் பொறுத்துக்கொண்டு வருகிறார்கள்.

இப்போது இவர் டவுன்ரவுனில் ஒரு கட்டடத்தில் சீருடை போட்டு, வருகிறவர்களுக்குக் கதவு திறந்து விடுகிறார். அதற்குப் பெயர் கொன்சியேர்ஜ். பெ.ம. அகராதியில் அது பியோன் இல்லை, பிரெஞ்சு.

டோரதி கிழங்கு தந்த அன்று பெ.ம.வும் வந்திருந்தா. நாலு குடும்பம் விருந்துக்கு வந்திருந்த நேரம். "உது என்ன கிழங்கு தவம்?" என்றா. பியோனி என்றேன். "பியோனியோ! அட, பியோன்ரை பெட்டைக்குத் தோதான பூத்தான். மணி அடிச்சா ஓடி வருமோ?" வீடு கொல்லென்று சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது நான். பழக்கம். பின் வளவில் வைக்க எண்ணியிருந்த கிழங்கை அடுத்த நாள் காலை முன் வளவில், கதவுக்கு நேரே வைத்தேன். வருகிற ஒவ்வொரு தமிழாளும் என்ன பூ என்று கேட்கவேண்டும், நான் பேர் சொல்லவேண்டும். அவ்வளவுதான் திட்டம். பூ மட்டும் ஒத்துழைக்கவில்லை.

இன்று வந்ததும் குழியைப் பார்த்தா.

"என்ன தவம், கிணறு வெட்டுறீரோ?"

"இல்லை மச்சாள். பியோனிக்கு மூச்சு விடக் குடுக்கிறன்."

"மூண்டு வரியமா உவ லீவிலையெல்லோ நிக்கிறா. பியோன்மார் அப்பிடித்தான், சொல்லாமலே நிண்டிடுவினம்." பிறகு இவர் பக்கம் திரும்பி, "தம்பி, உதைக் கிண்டி எறிஞ்சுபோட்டு கொங்கிறீற்றைப் போடு. என்ரை வானும் நிக்கும். ஒவ்வொருமுறையும் தெருவிலை விட்டுட்டு, ஆரும் இடிச்சுப்போடுவினமோ எண்டு கறியும் இறங்குதில்லை."

மூன்று துண்டு இறங்கியது. நான் எண்ணவில்லை, எலும்பு தட்டில் கிடந்தது.

இவர் சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "வாற ஜூன் முடிய மட்டும் பாப்பம். பூக்கேல்லையெண்டால் ஜூலையிலை கொங்கிறீற்."

"பூத்தால்?"

"பூத்தால் என்ன, பூத்தது."

"பூத்தால் அதிலை ஒருத்தரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. எழுதித் தாங்கோ. நீங்கள் கிளார்க்தானே."

சிரித்துக்கொண்டு ஒரு பழைய கடித உறையின் பின்பக்கம் எழுதி, திகதி போட்டு, கையெழுத்தும் வைத்துத் தந்தார். இந்தக் கொப்பிக்குள் இருக்கிறது. எழுத்து என்னவோ அழகான எழுத்துத்தான்.


ஜனவரி 16, 1994. ஞாயிறு.

சைபருக்குக் கீழே இருபத்தாறு. கதவுப்பிடி கையோடு வருகிறது. வாட்டர்லூவில் படிக்கிற மகன் போனில், "அம்மா, வெளிக்கிடாதேங்கோ." யார் வெளிக்கிட்டது.

இவர் ஜன்னலடியில். "இஞ்சாரும், உம்மடை செடி செத்துப்போம். என்ரை கோட்டை எண்டாலும் போட்டுவிடும்."

"வேண்டாம். குளிரட்டும்."

"உமக்கு இரக்கமே இல்லை."

இரக்கம் இருந்ததால்தானே மூன்று வருடம் போனது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்: கோட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு தரம் கதவுவரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் இவர் போனார். நான் கோட்டைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.


ஏப்ரல் 17. ஞாயிறு.

மழை விட்டுவிட்டது. வாங்க: கோதுமை மா, பெருஞ்சீரகம், இவருக்குக் கறுப்புச் சப்பாத்து லேஸ்.

முளை! ஐந்து. ரத்தச் சிவப்பு. மண்ணை முட்டிக்கொண்டு, சண்டைக்கு வருகிற மாதிரி நிற்கிறது. டோரதிக்குப் போன். "ஐந்தா, ஏழா?" என்று கேட்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முளையைச் சுற்றி மண் கொஞ்சம் தாழ்ந்து கிடக்கிறது. கை துருதுரு என்றது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நாயோடு தெருவால் போன ஒருவன் நான் ஏதோ கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பான்.


மே 23. திங்கள்.

மகாராணி லீவு. பின்தெருவில் மத்தியானமே பட்டாசு.

ஒரு மொட்டு. ஒன்றே ஒன்று. கடலை அளவு, கெட்டி, பச்சை. நாலு தண்டு இலையோடு சரி. ஐந்தாவது தண்டுதான் மகாராசி. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்து, "உது மொட்டோ, பூச்சி வைச்ச முட்டையோ" என்றார். கிளார்க் வீட்டுச் சந்தேகம்.

அடுத்த சிக்கல்: எறும்பு. மொட்டு முழுக்க எறும்பு. என் கை யோசிக்கவே இல்லை, குசினிக்குப் போய் மஞ்சள்தூள் போத்தலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. எறும்பென்றால் மஞ்சள்தூள்தானே. தூவி முடித்த பிறகு டோரதிக்குப் போன்.

"என்ன தூவினாய்?"

"மஞ்சள்."

"ஏன்?"

விளக்கம் சொல்லப் போனால் நாலு தலைமுறை. சொல்லவில்லை. மொட்டில் இனிப்புக் கசியுமாம், அதை நக்கத்தான் எறும்பு வருமாம், செடிக்குக் கெடுதி ஒன்றும் இல்லையாம், சும்மா விடட்டாம். இவர் சவரம் செய்கிற தூரிகையால் மொட்டைத் துடைத்தேன். இவருக்குச் சொல்லவில்லை. மஞ்சள் முழுதாகப் போகவில்லை. சாமத்தியப்பட்டுப் பெரியவளான பிள்ளை மாதிரி நிற்கிறது.

பின்னேரம் இவர் எறும்பு மருந்து டின்னோடு.

"இஞ்சாரும், உது வீட்டுக்குள்ளை வந்திடும்."

"வரட்டும். சீனிப் போத்தல் இருக்கிற இடத்தை நானே காட்டிவிடுறன். டின்னை உள்ளை வையுங்கோ."

வைத்தார்.


ஜூன் 5. ஞாயிறு.

வெக்கை தொடங்கிவிட்டது. பெ.ம. போன். நாற்பது நிமிடம். தோள் பிடித்துவிட்டது.

விசயம்: பெ.ம.வின் மகள் கௌரிக்கு இருபத்தைந்து. ஒரு மாப்பிள்ளை. எஞ்சினியர். 18ஆம் திகதி சனிக்கிழமை தாய் தகப்பனோடு பெண் பார்க்க வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு. முதல் சந்திப்பு தாய்மாமன் வீட்டில் என்றால், சரிவராவிட்டாலும் பெ.ம. வீட்டுக் காப்பெற்றில் கறை படாது. அவ இப்படிச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

"தவம், உம்மடை ஐயாவைப் பற்றி கேட்டினமெண்டால் அரசாங்கக் கச்சேரிக் கந்தோரிலை இருந்தவர் எண்டு சொல்லும். அதுக்கு மேலை வேண்டாம். நான் அவையளுக்கு நல்ல உத்தியோகம் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்."

"கந்தோரிலை எங்கை இருந்தவர் எண்டு கேட்டால் மச்சாள்?"

"மேசை கதிரையிலை எண்டு சொல்லுமன்!"

பிறகு குரலைத் தாழ்த்தி, "உந்தப் பூ... மொட்டு வந்திருக்காம், தம்பி சொன்னவன். அண்டைக்குப் பூத்துக் கீத்து நிண்டால் பேரை மட்டும் வாயிலை எடுக்காதையும். பியோன் எண்டு தொடங்கினால் கதை எங்கை போய் நிக்குமோ. ரோசா எண்டு சொல்லிவிடும்."

"ரோசா எண்டு சொல்ல அது ஒத்துக்கொள்ளுமோ?"

"அது வாய் திறக்காது. நீர் திறக்காட்டில் போதும்."

மணி அடித்தால் ஓடி வருமோ என்று கேட்ட அதே வாய். சிரிக்கிறதற்குப் பியோன் வேண்டும். சம்பந்தி முன்னால் வேண்டாம்.

இவர்: "அக்கா சொல்லுறதும் சரிதான். பிள்ளையின்ரை விசயம். ஒரு நாள்தானே."

ஒரு நாள். எண்ணிப் பார்த்தால் இருபத்திமூன்று வருடமும் ஒவ்வொரு நாளாகத்தான் போயிருக்கிறது.

அரை மணி கழித்துக் கௌரி போன். "மாமி, அம்மா சொல்லுறதை இக்னோர் பண்ணுங்கோ. ஐ டோன்ட் கேர், ரோசாவோ பியோனியோ. எனக்கு அந்த ஆளோடை தனியா ஒருக்காக் கதைக்கோணும். அதை மட்டும் அரேஞ்ச் பண்ணுங்கோ." பிள்ளை நல்ல பிள்ளை. யாரைக் கொண்டு பிறந்ததோ.

முடிவு இன்னும் எடுக்கவில்லை. பொய். எடுத்துவிட்டேன்.


ஜூன் 12. ஞாயிறு.

இரவெல்லாம் மழை, காற்று. காலையில் பார்த்தால் மொட்டு தலை தொங்கிப்போய் நிற்கிறது. இப்போது தேசிக்காயைவிடப் பெரிது, பாரம் தாங்கவில்லை. ஒரு தடி ஊன்றினேன். கட்டுவதற்கு மெத்தென்று ஏதாவது வேண்டும். நூல் அறுக்கும்.

பெ.ம. போன தைப்பொங்கலுக்கு 'நீர் கட்டும், எனக்கு நிறம் எடுக்கேல்லை' என்று தந்த பச்சைச் சீலை. ஒரு முறை உடுத்த சீலை. கரையில் ஒரு முழம் கிழித்தேன். சோக்கான சத்தம். இன்னொரு முழமும் கிழித்தேன், தேவையில்லாமல்.


ஜூன் 15. புதன்.

தெளிந்த வானம். மஃபின் வேலைக்கு லீவு சொன்னேன். காரணம்: காய்ச்சல். பியோன்ரை பெட்டைதானே, சொல்லிவிட்டு நின்றேன்.

பூத்துவிட்டது.

ஆறு மணிக்கு மூன்று இதழ் விலகி நின்றது. பத்து மணிக்கு முழுதும். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்துப் பிடித்தாலும் கொள்ளாது. சர்பத்தில் பால் விட்ட நிறம், நடுவில் வெள்ளை. உள்ளே இதழுக்குள் இதழ், அதற்குள் இதழ், அவசரமாகச் சேலை அடைத்த சூட்கேஸ் மாதிரி. மூக்கை உள்ளே விட்டேன். ஓர் எறும்பு மூக்கில் ஏறியது. இருக்கட்டும்.

பின்னேரம் டோரதி வேலை முடிந்து நேரே வந்தாள். நான்தான் போனில் கூப்பிட்டேன். பூவின் அடியில் இரண்டு விரலை வைத்து முகத்தை ஏந்துகிற மாதிரி ஏந்தினாள். பிறகு என் தோளில் ஒரு தட்டு. நல்ல பலமான தட்டு, மஃபின் தட்டுத் தூக்குகிற கை.

இவர் சீருடையோடு வேலைக்கு வெளிக்கிட்டவர், படியில் நின்றுவிட்டார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போயிருக்கும், நான் சொல்லியிராவிட்டால்.

"உண்மையாவே பூத்திட்டுது, என்ன."

கடித உறையைக் கொண்டுவந்து காட்டினேன். "என்ரை கையெழுத்துத்தான்" என்றார்.


ஜூன் 18. சனி.

வெக்கையோ வெக்கை. சமையல்: கேசரி, வடை, பற்றிஸ், றோல்ஸ். கேக் கடையில் வாங்கியது. கொலுசு மாதிரிச் சத்தம் போடுகிற மின்விசிறி.

மூன்று மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை நெட்டை, கூச்சம். தகப்பன் சபாரி சூட், பென்சன் எடுத்தவர். தாய் மினுமினுத்த பட்டு. பெ.ம. படியில் நின்று வரவேற்பு, ஏதோ தன் வீடு மாதிரி. நான் கதவடியில். இவர் எனக்குப் பின்னால். மெதுவாக, "இஞ்சாரும், யோசிச்சுக் கதையும்" என்றார்.

தாய்க்காரி படி ஏறவில்லை. செடிக்கு முன்னால் நின்றுவிட்டா.

"அம்மாடி! என்ன வடிவு! இது என்ன பூ?"

பெ.ம. படியிலிருந்தே: "ரோசா, ரோசா. உள்ளை வாங்கோ, வெயில்."

"ரோசாவோ? முள்ளைக் காணேல்லையே."

"கனடா ரோசா. முள்ளில்லாத சாதி."

"இலையும் வேறை மாதிரியெல்லோ கிடக்கு?"

பெ.ம. என்னைப் பார்த்தா. கண்ணாலேயே வாயைப் பொத்துகிற வித்தை அவவுக்கு மட்டும்தான் தெரியும். 'ரோசா' என்று ஒரு சொல். சொன்னால் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

"ரோசா இல்லை அக்கா" என்றேன். "பியோனி."

"பியோனியோ? பியோன் எண்ட மாதிரியெல்லோ கிடக்குப் பேர்."

"ஓம். என்ரை ஐயாவும் பியோன்தான். யாழ்ப்பாணக் கச்சேரி. பியோன்ரை பெட்டை வளர்த்த பியோனி, மூண்டு வரியமா பூக்காமல் அடம்பிடிச்சது. புதனோடைதான் பூத்தது."

மின்விசிறிச் சத்தம் வாசல்வரை கேட்டது. பெ.ம. முகம் கேசரி நிறம். கௌரி உள்ளேயிருந்து 'யெஸ்' என்று ஏதோ சொன்ன மாதிரி.

தாய்க்காரி சிரித்தா. நக்கல் சிரிப்பு இல்லை. "பியோன் வீட்டுக்குப் பியோனி வந்தது பொருத்தம்தானே. எனக்கும் ஒரு கிழங்கு தருவியளோ?"

"செப்டம்பர் கடைசியிலை வாங்கோ அக்கா. இப்ப கிண்டினால் கோவிக்கும். கொண்டுபோய் மண்ணை மட்டும் அணைச்சுப்போடாதேங்கோ."

அதோடு முடிந்திருக்கவேண்டும். தகப்பன்காரர் விடவில்லை. "பிள்ளை, கச்சேரியிலையோ? நான் அங்கை நாலு வரியம் இருந்தனான். பியோன்மார் எல்லாரையும் தெரியும். ஐயான்ரை பேரென்ன?"

"கந்தையா."

"கந்தையா... கந்தையா..." கண்ணை மூடி, விரல் விட்டு எண்ணுகிறார். "பியோன்மாருக்குள்ளை கந்தையா எண்டு ஒருத்தரும்..."

"அண்ணை, றோல்ஸ் ஆறுது. உள்ளை வாங்கோ" என்று நான் குசினிக்குப் போய்விட்டேன்.

மிச்சம் சுருக்கமாக. மாப்பிள்ளையும் கௌரியும் செடியடியில் நின்று நாற்பது நிமிடம் கதைத்தார்கள். ஏற்பாடு நான். திரும்பி வந்த கௌரி தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கிற சாட்டில் என் காதில், "ஹீ இஸ் ஓகே மாமி. எறும்புக்கு நீங்கள் மஞ்சள் தூவின கதையைச் சொன்னன். அவையின்ரை வீட்டிலும் அதுதானாம்." தாய்க்காரிக்கும் திருப்தி. பதில் அடுத்த கிழமை என்று சொல்லிப் போனார்கள். முகத்தில் இப்போதே எழுதியிருந்தது.

பெ.ம. வடையைத் தொடவில்லை. கேசரியும் தொடவில்லை. போகிற நேரம் செடிக்குக் கிட்டப் போய், தடியில் கட்டியிருந்ததைப் பிடித்துப் பார்த்தா.

"உது என்ரை சீலைக் கரையெல்லோ?"

"ஓம் மச்சாள். உதுக்கு நல்லா நிறம் எடுக்குது."

இவரைப் பார்த்தா, தம்பி ஏதாவது சொல்லுவான் என்று. இவர் சட்டைப்பைக்குள் கையை விட்டபடி, "அக்கா, வானை இனித் தெருவிலையே விடுங்கோ. கொங்கிறீற்காரனுக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்" என்றார். எப்போது சொன்னார் என்று எனக்கே தெரியாது. இருபத்திமூன்று வருடத்தில் தமக்கைக்கு இவர் சொன்ன முதல் வேண்டாம். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு பூவில் எறும்பு எண்ணினேன்.

பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று துடைத்துத் தந்தார். "நல்ல துணிவு உமக்கு. ஐயாவைப் பற்றி அத்தனை பேருக்கு முன்னாலை உண்மையைச் சொன்னீர்" என்றார். நான் அடுத்த கோப்பையை நீட்டினேன்.

ஐயா பியோன் இல்லை. கச்சேரி வாசலில் சைக்கிள் காவல் பார்த்தவர், விட்டுப்போகிறவர்களுக்குத் துண்டு கிழித்துக் கொடுப்பார். பியோன் என்பது கல்யாணம் பேசியபோது தரகர் கொடுத்த பதவி உயர்வு.